எங்கே உடைய வேண்டும் என்பதை நீ முடிவு செய்: மான்ஸ்டர் டிரக் பழகுபவர்களுக்கு 13 அறிவுரைகள்

ரேடியோ கண்ட்ரோல் மான்ஸ்டர் டிரக் வாங்கி, முதல் முறை கியர் பல் உடைந்ததும் என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எல்லாத்தையும் ஸ்டீல்ல மாத்திடலாமா?" மாற்றலாம். ஆனால் அதனால் உடைவது நின்றுவிடாது, உடையும் இடம்தான் மாறும். மோட்டாரில் பிறக்கும் சக்தி பினியன் (மோட்டாரில் மாட்டிய சிறு கியர்), ஸ்பர் கியர் (அதோடு கடிக்கும் பெரிய கியர்), ஸ்லிப்பர் கிளட்ச், நடு ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (டிஃப்), சக்கர ஷாஃப்ட், சக்கரத்தைப் பிடிக்கும் ஹெக்ஸ் என்று வரிசையாகக் கை மாறித்தான் டயருக்குப் போகிறது. அந்த வரிசையில் எது நோஞ்சானோ அது உடையும். அதைப் பலப்படுத்தினால் அடுத்த நோஞ்சான் உடையும். ஆகவே பழுது பார்ப்பதும் தரம் உயர்த்துவதும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: உடைந்தே தீரும் என்றால், அது எங்கே உடைந்தால் எனக்குச் செலவும் வேலையும் குறைவு? இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படி, தம்பி.

1. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் காதைக் கொடு.

வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று கவனி. மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் மூன்றில் ஒன்று: பினியனைப் பிடித்திருக்கும் க்ரப் ஸ்க்ரூ கழன்றிருக்கும், ஸ்பர் கியரின் பல் வழித்துப் போயிருக்கும், அல்லது ஸ்லிப்பர் லூசாகியிருக்கும். வேகம் கொடுக்கும்போது மட்டும் 'டக் டக்' என்று அடித்தால் டிஃபுக்குள் பெரிய கிரௌன் கியரும் அதைச் சுற்றும் சிறு பினியனும் பல் தாண்டுகின்றன. எப்போதும் கீச்சென்ற சத்தம் வந்தால் மெஷ், அதாவது பினியனும் ஸ்பரும் கடிக்கும் இடைவெளி, டைட். திருப்பும்போது மட்டும் கடகடத்தால் முன் சக்கர ஷாஃப்டின் மூட்டைப் பார். சத்தத்தை வைத்தே பாதி இடத்தை ஒதுக்கிவிடலாம். வண்டி முழுவதையும் பிரித்து மேசை மேல் பரப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

2. பேட்டரியைக் கழற்று, பிறகு கையால் சுற்று.

பிரஷ்லெஸ் மோட்டார் விரலுக்கு இரக்கம் காட்டாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகே கியர் பக்கம் கையைக் கொண்டு போ. இப்போது ஸ்பர் கியரை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பின் சக்கரம் ஒன்றைச் சுற்று. எதிர்ச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் அந்த டிஃபும் இரண்டு பக்க ஷாஃப்டுகளும் பிழைத்திருக்கின்றன. எதிர்ச் சக்கரம் சும்மா இருந்தால், எங்கோ ஒரு பின்னோ பல்லோ போய்விட்டது. முன் பக்கமும் இதே சோதனை. நடு டிஃப் உள்ள வண்டியில் மட்டும், சுற்றும் சக்தி அடுத்த அச்சுக்கும் போகும். அதற்கு அந்தப் பக்கச் சக்கரங்களை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

சுற்றும்போது ஒரே இடத்தில் கனமாகி, மறுபடி லேசானால், அந்த இடத்தில் வளைந்த ஷாஃப்டோ, பல்லுக்கு இடையே சிக்கிய கல்லோ இருக்கிறது.

3. உடைந்ததைக் குப்பையில் போடாதே, படி.

புதியவர்கள் செய்யாத வேலை இதுதான். உடைந்த கியரை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பார். அது எப்படிச் செத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பிளாஸ்டிக் ஸ்பர் கியரில் நாலைந்து பல் மட்டும் நுனியில் வழித்திருந்தால், மெஷ் லூசாக இருந்து பல் நுனியில் மட்டும் சக்தி ஏறியிருக்கிறது. சுற்றிலும் எல்லாப் பல்லும் ஊசி போல மெலிந்திருந்தால் மண்ணும் மணலும் அரைத்திருக்கின்றன. பல் உருகி வழிந்த தடம் இருந்தால் மெஷ் டைட், அல்லது ஸ்லிப்பர் விடாமல் வழுக்கி அந்தச் சூடு ஏறியிருக்கிறது. டிஃபின் கிரௌன் கியரில் பல்லின் வெளி ஓரம் மட்டும் சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தால், பல்லோடு பல் முழு அகலத்துக்கும் பொருந்தி உட்காரவில்லை. பெட்டி நெகிழ்கிறது அல்லது ஷிம் எனும் மெல்லிய வாஷர் போதவில்லை. ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தால் அது ஒரே அடியில் வந்த சாவு: தாவி இறங்கும்போதோ, முழு வேகத்தில் ரிவர்ஸ் போட்டபோதோ நடந்திருக்கும்.

காரணத்தைப் பார்க்காமல் புதுக் கியரை மட்டும் மாட்டினால், அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி போகும்.

4. மெஷ் வைக்கப் பழகு.

பினியனும் ஸ்பரும் கடிக்கும் இடைவெளிதான் மெஷ். நோட்டுக் காகிதத்தில் ஒரு மெல்லிய துண்டை வெட்டி இரண்டு கியருக்கும் நடுவே விடு. மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்திப் பிடித்து, மோட்டார் ஸ்க்ரூக்களை முடுக்கு. பிறகு கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடு. காகிதம் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழியக் கூடாது. இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதே. ஸ்பர் கியர் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எந்த இடம் மிக டைட்டோ அந்த இடத்தில் மெல்லிய ஆட்டம் இருக்கும்படி வை. பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை ஆட்டினால் 'டிக்' என்று ஒரு துளி அசைவு கேட்க வேண்டும்.

5. பல்லின் அளவு தெரியாமல் கியர் வாங்காதே.

பல் எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்குவது பெரிய தவறு. மாட்யூல் 1 என்று ஓர் அளவு, 32 பிட்ச் என்று ஒன்று, 48 பிட்ச் என்று ஒன்று. 25.4-ஐ பிட்ச் எண்ணால் வகுத்தால் மாட்யூல் வரும். 32 பிட்ச் என்பது ஏறக்குறைய 0.79. அதனால் 0.8 மாட்யூலோடு சமாளித்து ஓடும். மாட்யூல் 1-இன் பல் அதைவிடப் பெரியது, 32 பிட்ச்சோடு சேர்த்தால் சில நிமிடங்களில் இரண்டையும் தின்றுவிடும். 48 பிட்ச் 0.53 தான். கனமான மான்ஸ்டர் டிரக்குக்கு அந்தப் பொடிப் பல் தாங்காது. அதோடு மோட்டார் ஷாஃப்டின் தடிமனையும் பார்: சிறிய மோட்டார்களில் 3.17 மி.மீ., பெரியவற்றில் 5 மி.மீ. பினியனின் துளை அதற்குப் பொருந்த வேண்டும்.

6. ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட், பிளாஸ்டிக்குக்கு வேண்டாம்.

ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசையை உலோகத்தில் உலோகம் ஏறும் இடத்தில் மட்டும் போடு. நீலம் போதும். சிவப்பைப் போட்டால் பிறகு கழற்றச் சூடு வைத்தே சாக வேண்டும். போடும் முன் ஸ்க்ரூவையும் துளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடை. எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது. பிளாஸ்டிக்கில் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் வெடித்துப் போகும். பினியனின் க்ரப் ஸ்க்ரூ மோட்டார் ஷாஃப்டில் சீவியிருக்கும் தட்டைப் பகுதியின் மேல் நேராக உட்கார வேண்டும். வளைவின் மேல் உட்கார்ந்தால் எந்த லாக்டைட்டும் காப்பாற்றாது. கழலாத ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்னைக் கொஞ்ச நேரம் வைத்தால் பிடி விட்டுவிடும்.

ஆலன் கீ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1.5, 2, 2.5, 3 மி.மீ. ஆகிய நாலும் நல்ல எஃகில் இருக்கட்டும். மலிவான கீ தன் முனையை மட்டுமல்ல, ஸ்க்ரூவின் தலையையும் உருட்டிவிடும்.

7. ஸ்லிப்பரை முழுக்க முடுக்காதே.

"வண்டி வீலி அடிக்கலை" என்று சொல்லி ஸ்லிப்பர் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதே, அடி விழும்போது கொஞ்சம் வழுக்கிப் பின்னால் இருக்கும் கியரைக் காப்பாற்றத்தான். முதலில் கையேட்டில் சொன்ன அளவில் வை. பிறகு நல்ல பிடிப்புள்ள தரையில் நின்ற நிலையிலிருந்து முழுத் திராட்டில் கொடு. முதல் ஓரடி ஈரடித் தூரம் மெல்லிய இழுப்புச் சத்தத்தோடு வழுக்கி, பிறகு பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் வழுக்கினால் சூடேறி ஸ்லிப்பரின் பேடும் ஸ்பரும் வேகும். வழுக்கவே இல்லை என்றால் அந்த அடி முழுவதும் டிஃபுக்குப் போகிறது.

2015-ல் வந்த ட்ராக்ஸஸ் எக்ஸ்-மேக்ஸில் ஸ்லிப்பருக்குப் பதில் ஸ்பருக்குள் ரப்பர் போன்ற மெத்தை வைத்தார்கள். நம் மோட்டார் சைக்கிளின் பின் சக்கர ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பர் செய்யும் வேலைதான் அது. இதில் சரிசெய்ய நட்டு இல்லை. அதனால் பிரிக்கும்போதெல்லாம் அந்த ரப்பர் நசுங்கிக் கிழிந்திருக்கிறதா என்று பார்.

8. டிஃபுக்கு ஷிம் போடக் கற்றுக்கொள்.

மான்ஸ்டர் டிரக்கில் அதிகம் பணம் தின்னும் இடம் டிஃப். அதை மிச்சப்படுத்துவது ரூபாய்க் கணக்கில் ஒன்றுமே இல்லாத ஒரு மெல்லிய வாஷர். 0.1, 0.2 மி.மீ. தடிமனில் கிடைக்கும்.

டிஃபைப் பெட்டியில் வைத்து, மேல் மூடியை மூடி, பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆடினால் கிரௌன் கியர் பினியனை விட்டு விலக இடம் இருக்கிறது என்று அர்த்தம். சுமை வரும்போது அது விலகும், பல் நுனிகள் மட்டும் கடிக்கும், உதிரும். கிரௌன் கியருக்கு எதிர்ப் பக்கத்து பேரிங்குக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள ஷிம்மை எடுத்துக் கிரௌன் கியரின் முதுகுப் பக்கம் மாற்று. கிரௌன் பினியன் பக்கம் நகரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஷிம். மாற்றியதும் மூடி, ஸ்க்ரூக்களை முடுக்கிவிட்டு, பினியன் ஷாஃப்டை விரலால் சுற்று. சீராக, மெல்லிய உராய்வோடு சுற்ற வேண்டும். கட்டை கட்டையாக இடறினால் ஒரு ஷிம் அதிகம். பினியன் ஷாஃப்டையும் உள்ளும் வெளியும் இழுத்துப் பார். அதில் ஆட்டம் இருந்தால் அதற்கும் ஷிம் உண்டு.

மூடும் முன் இன்னொன்று: கிரௌன் கியர் முன்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வை. திருப்பிப் போட்டால் முன் சக்கரங்கள் முன்னாலும் பின் சக்கரங்கள் பின்னாலும் போகப் பார்க்கும், வண்டி நின்ற இடத்தில் முக்கும். கழற்றும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

9. டிஃபுக்குள் ஆயில், வெளியே கிரீஸ், ஸ்பருக்கு எதுவும் வேண்டாம்.

டிஃபின் வயிற்றுக்குள் இருக்கும் சிறு கியர்களுக்கு சிலிக்கான் ஆயில். அதன் கெட்டித்தன்மையை சென்டிஸ்டோக் எண்ணில் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட டிஃப் இறுகும். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிக் காற்றில் பலூன் போல ஊதுகின்றன, பின் சக்கரத்துக்கு இழுவை வரவில்லை என்றால் நடு டிஃபில் கெட்டியான ஆயில் போடு. கியர்கள் மூழ்கும் மட்டும் ஊற்றி, குமிழி அடங்கும்வரை பொறுத்து, பிறகு மூடு. விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக் கசியும். கிரௌன், பினியன் பல்லுக்கு நல்ல கிரீஸ். திறந்து கிடக்கும் ஸ்பர் கியருக்கு மட்டும் எதையும் தடவாதே. மண் வந்து ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும்.

10. பேரிங்கை மறக்காதே.

ஒரு சக்கர பேரிங் இறுகினால், ஷாஃப்ட் அதற்குள் சுற்றாமல் பேரிங்கையே சேர்த்துச் சுற்றும். அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஹப் உருகும். சில்லறை விலைப் பொருளை விட்டுவிட்டு ஹப்பை வாங்குவாய். தண்ணீரிலோ சேற்றிலோ ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைச் சுற்றிப் பார். கரகரத்தால் கழுவி எண்ணெய் விடு, அடங்காவிட்டால் மாற்று. அளவை உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்று எழுதி வை. 5×11×4, 6×12×4, 8×16×5 ஆகியவை அடிக்கடி வருபவை. வண்டி பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேரிங் கடையிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு.

11. வேகத்துக்கு ஆசைப்பட்டால் கணக்குப் போடு.

பினியனில் 18 பல் இருந்த இடத்தில் 20 பல் போட்டால் வேகம் 11 சதவீதம் கூடும். 140 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 160 மி.மீ. டயர் போட்டாலும் 14 சதவீதம் கூடினது போலத்தான், பினியனைத் தொடாமலே. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மோட்டார் திணறும், அந்தக் கனமான டயரைத் திடீரென்று நிறுத்தவும் கிளப்பவும் ஷாஃப்டுகள் முறுக்கு வாங்கும். பெரிய டயர் போடுகிறாயா, பினியனில் ஒன்றிரண்டு பல்லைக் குறை. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரின் சூட்டை வெப்பமானியால் பார். 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் நிறுத்து. அதற்கு மேல் காந்தம் வலுவிழக்கும்.

12. ஸ்டீல் எங்கே, பிளாஸ்டிக் எங்கே என்று யோசித்து மாற்று.

மோட்டாரிலிருந்து தள்ளிப் போகப் போக முறுக்கு விசை பெருகும். ஸ்பரும் பினியனும் மூன்று மடங்கு, டிஃப் இன்னும் மூன்று மடங்கு என்றால், மோட்டாரில் இருந்ததைப் போல ஒன்பது மடங்கு விசை அச்சுக்கு வருகிறது. அதனால்தான் நிஜமான மான்ஸ்டர் டிரக்குகளில் கடைசிக் குறைப்பைச் சக்கரத்தின் ஹப்பிலேயே கோள் கியராக வைத்திருக்கிறார்கள். ஷாஃப்ட் அந்த முழு விசையையும் சுமக்க வேண்டியதில்லை. 1987-ல் தமியா கொண்டுவந்த க்ளாட் பஸ்டர் வேறு வழி போனது. அச்சுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார், நடு ஷாஃப்டே கிடையாது. நம் கையில் இருக்கும் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஸ்டீலுக்குச் செலவு செய்வதானால் டிஃப் கியருக்கும், சக்கர ஷாஃப்டுக்கும், ஹெக்ஸ் பின்னுக்கும் செய்.

நல்ல மாற்றத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எச்.பி.ஐ. சாவேஜ் வண்டியின் பழைய டிஃபில் கிரௌன் 43 பல், பினியன் 13 பல். அடிக்கடி பல் போனது. கம்பெனியே பிறகு 29 பல், 9 பல் கொண்ட தொகுப்பை விற்றது. பெட்டி அதே அளவு, பல் எண்ணிக்கை குறைவு, அதனால் ஒவ்வொரு பல்லும் பெரியது, தடித்தது. இதில் கவனிக்க வேண்டியது விகிதம். 43-ஐ 13-ஆல் வகுத்தால் 3.31, 29-ஐ 9-ஆல் வகுத்தால் 3.22. உடைந்த முன் டிஃபை மட்டும் மாற்றினால், பின் சக்கரம் 100 சுற்றுச் சுற்றும்போது முன் சக்கரம் 102.7 சுற்றுச் சுற்றப் பார்க்கும். நடு டிஃப் இல்லாத வண்டியில் இந்த வித்தியாசம் போக இடமில்லாமல் ஷாஃப்டையும் கியரையும் முறுக்கிக்கொண்டே இருக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்று.

ஸ்பர் கியர் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். மலிவானது, சீக்கிரம் மாற்றலாம், உடைந்தால் வேறெதையும் உடைக்காமல் போகும். அலுமினியத்தில் மின்னும் ஹப்பையும் சஸ்பென்ஷன் கையையும் கண்டு மயங்காதே. பிளாஸ்டிக் வளைந்து மீளும், அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான், பேரிங்கும் ஷாஃப்டும் கோணலாகும். ட்ராக்ஸஸ் இ-மேக்ஸ் முதலில் இரண்டு 550 பிரஷ் மோட்டாரோடு வந்தது. அந்த வண்டியில் பெரிய பிரஷ்லெஸ் மோட்டாரைத் திணித்தவர்கள் வேகத்தைப் பார்த்த கையோடு டிஃபையும் வாங்கினார்கள். மோட்டாரை ஏற்றும் முன் டிஃபுக்கும் ஷாஃப்டுக்கும் காசு ஒதுக்கு.

13. கடைசியாக, உன் விரலைச் சரி செய்.

தாவும்போது சக்கரங்கள் காற்றில் முழு வேகத்தில் சுற்றுகின்றன. அப்படியே தரையில் பட்டால் அந்த வேகம் ஒரு கணத்தில் நிற்க வேண்டும், அந்த அடி முழுக்க டிஃபிலும் ஷாஃப்டிலும்தான் விழும். இறங்கும் முன் திராட்டிலை விட்டுவிடு, சக்கரம் பட்டதும் மறுபடி கொடு. ஓடும் வண்டியை நிறுத்தாமல் ரிவர்ஸ் போடாதே. கல்லில் சக்கரம் மாட்டிக்கொண்டால் திராட்டிலால் பிடுங்காதே, நடந்து போய் எடுத்துவிடு. இந்த மூன்றும் காசு செலவில்லாத அப்கிரேடு.

மைதானத்துக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்பர் கியர், இரண்டு சக்கர ஷாஃப்ட், ஹெக்ஸ் பின்கள், ஒரு க்ரப் ஸ்க்ரூ, நாலு ஆலன் கீ போதும். அந்தப் பைக்குள் அடங்காத எது உடைந்தாலும், உடையக் கூடாத இடத்தில் உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொள். வீட்டுக்கு வந்து மூன்றாவது அறிவுரையிலிருந்து வேலையைத் தொடங்கு.